சொல்ல முடியாத ஊர்ப் பெயர்

இன்று காலை கிணற்று நீர் ரோஜா நிறத்தில் இருந்தது. நேற்று கம்பவுண்டர் வந்து மருந்துப் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்ததும், துரு ஏறிய இரும்பு போல ஒரு வாடை மூக்கில் ஏறியது. போன கோடையில் உன் வீட்டு வாசலில் நின்றபோது வந்த வாடை. குடத்தைக் கீழே இறக்கிவிட்டேன். பின்னால் வந்தவர்கள், "இன்னாடி, நடு வழியில நின்னுக்கினு? படிச்ச புள்ளைங்களே இப்டித்தான்" என்று என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைக்கிறேன். எழுதினால் என் தப்பைத்தான் முதலில் எழுத வேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நம் ஊருக்குப் பெயர் வைத்த கதையை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கே இருந்தாலும்.

அதுவரை நம் ஊருக்குக் காகிதத்தில் பெயரே கிடையாது. பக்கத்து ஊரின் வாலாகத்தான் நம்மை எழுதிவந்தார்கள். நாமும் சுற்றுவட்டாரத்தாரும் சில்லுமேடு என்றோம். எங்கே தோண்டினாலும் பானை ஓட்டுச் சில்லு வரும் மேடு. கறுப்பும் சிவப்புமாக, நெய் தடவியது போல மினுக்கும் சில்லுகள். யார் உடைத்த பானைகள் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் கொம்யூன் என்கிற பிரெஞ்சுக்காரர்களின் ஊராட்சி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு சிற்றூருக்கும் தனிப் பெயர் பதியப் போகிறார்கள். பெயரையும் அதற்கான காரணத்தையும் எழுதித் தர வேண்டும். எல்லையில் பெயர்ப் பலகை நடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி என் அப்பாவிடம் சொன்னார்கள்: "ஒம் பொண்ணு பிரெஞ்சு எழுதுதே, அதுங்கிட்டயே குடுப்பா."

எனக்குப் பதிமூன்று வயது. தரையில் கால் பாவவில்லை. உன்னை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நீ என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெரியவளாகி, பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. "படிக்கிறவ நீ, நோட்டு தூக்கறவ நானா?" என்றாய். ஆனாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

ஆண்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்து தாழ்வில் இருந்த குடிசைகளை அடித்துக்கொண்டு போனது. வீராசாமி என்ற ஒருவர்தான் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு முதலில் மேட்டில் ஏறினார். முதல் கம்பத்தை நட்டார். மற்றவர்களைக் கைதூக்கி ஏற்றினார். நாம் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அவர் வம்சம். உன் பெரியப்பா பெட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. அதில் அந்த மேட்டு நிலம் வீராசாமி பெயரில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெண்கள் வேறொன்று சொன்னார்கள். மேட்டில் ஏறிய அன்று பிள்ளைகளைக் கீழே படுக்க வைக்க இடம் இல்லையாம், அத்தனை சில்லு. மழையில் நனைந்துகொண்டே பெண்கள் மூன்று நாள் சில்லு பொறுக்கினார்களாம். காலெல்லாம் கிழிந்து ரத்தம். பொறுக்கிய சில்லைக் குவித்துத்தான் முதல் வீட்டின் அடித்தளம் போட்டார்களாம். "அதுனாலதான் சில்லுமேடு. வேற இன்னா?" என்று அவர்கள் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்கள். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து என் கட்டுரையை உனக்குப் படித்துக் காட்டினேன். ஊருக்கு வீராசாமிபுரம் என்று பெயர் முன்மொழிந்திருந்தேன். நீ கடைசிவரை கேட்டுவிட்டு, "சில்லு பொறுக்கினது எங்க?" என்றாய்.

"அதுக்குக் காகிதம் இல்லடி. இதுக்குக் காகிதம் இருக்குது. இதுதான் சரித்திரம்."

"காகிதத்துல ஏறினா நெசம். காலு கிழிஞ்சா பொய்யா?"

நான் நோட்டை மூடினேன். நீ கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தாய். உன் சிரிப்பு எப்போதும் தோளில் தொடங்கும்.

"இன்னாடி சிரிப்பு?"

"எங்கப்பா பேரு இன்னா?"

"வீராசாமி."

"எங்க பெரியப்பா மவன் பேரு? எதுத்த வூட்டு மாமா பேரு? ஊருல மொதப் புள்ள பொறந்தா இன்னா பேரு வெக்கிறாங்க?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீராசாமி. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். மாமனார் பெயரை மருமகள் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்பார்கள். நீ எழுந்து நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உன் அம்மாவைப் போல் நடித்தாய்: "எந்த ஊருமா நீனு? அய்ய, அத்த எப்டிங்க நான் சொல்லுவேன்! எங்க வூட்டுக்காரரு புரமுங்க!" நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நீ கேட்டாய், இந்த முறை விளையாட்டாக இல்லாமல்: "நெசமாத்தாண்டி கேக்கறேன். எங்கம்மா இன்னா சொல்லும்?"

"யாராவது பக்கத்துல இருக்கறவங்க சொல்லுவாங்க" என்றேன்.

என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வேறு பெயர்கள். என் அம்மாவால் எந்தத் தடையும் இல்லாமல் சொல்ல முடியும். அதனால் எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதை உன்னிடம்கூட அன்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் டவுன் பெண்கள் என்னை "ஒடஞ்ச பானை ஊருக்காரி" என்று கூப்பிடுவார்கள். நான் உட்காரப் போனால், "பாத்து, பாத்து, சில்லு குத்திடும்!" என்று பாவாடையை இழுத்துக்கொள்வார்கள். எனக்குப் 'புரம்' என்று முடிகிற ஓர் ஊர் வேண்டியிருந்தது. சரித்திரத்தைக் காட்டி என் வெட்கத்தை மறைத்துக்கொண்டேன்.

கட்டுரை போயிற்று. கொம்யூன் தலைவரான மேர் அதைப் படித்துப் பாராட்டினாராம். பலகை வந்தது. தார் பூசிய தகரத்தில் வெள்ளை எழுத்து, மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். நட்ட அன்று ஊரே கூடியது. உன் அம்மா அந்த எழுத்துகளைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நீ அவள் காதில் சொன்னாய். அவள் பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டதும், மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அதன்பின் பெண்கள் ஊரை 'பலகை போட்ட ஊரு' என்றார்கள், இல்லாவிட்டால் பழையபடி சில்லுமேடு என்றார்கள். நீயும் பிடிவாதமாகச் சில்லுமேடு என்றுதான் சொல்லிவந்தாய். நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். "சரிங்க டீச்சரம்மா" என்பாய்.

அடுத்த கோடையில் வாந்திபேதி வந்தது.

முதலில் உன் அப்பாவுக்கு. விடிவதற்குள் உனக்கும். உன் பெரியப்பாவும் மற்ற ஆண்களும் கரும்பாலைக்குப் போயிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீடு ஊரின் அந்தக் கோடி, எங்களுக்குத் தெரியாது. நான் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போய்விட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் கஞ்சித் தண்ணீரை அருகில் வைத்துவிட்டு, உன் அம்மா தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே நடந்ததை, அன்று வரிசையில் இருந்த டவுன் வளையல்காரம்மா எனக்குச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

குமாஸ்தா புதியவர். நோயாளி இருக்கும் ஊரை நோட்டில் எழுதினால்தான் கம்பவுண்டரை அனுப்ப முடியும்.

"ஊரு?"

"சில்லுமேடுங்க."

அவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். "அப்படி ஒரு ஊர் நம்மகிட்ட இல்லையேம்மா."

வரிசையில் யாரோ சொன்னார்: "ஆத்துக்கு அந்தாண்ட ஒரு மேடு கீதுபா. அது இங்கிலீஷ்காரன் எல்லை."

"அப்போ அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போம்மா. நாங்க அங்க வர முடியாது."

"இல்லீங்க சாமி, நாங்க பிரெஞ்சுக்காரன் எல்லைதாங்க. பலகையில வேற பேரு போட்டுக்கீது."

"அந்தப் பேரைச் சொல்லு."

"அது... எங்க வூட்டுக்காரரு பேருங்க."

வரிசை சிரித்தது. எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான், வளையல்காரம்மாவும் சிரித்தாராம். இது எல்லோருக்கும் பழகிய விளையாட்டு. அடையாளம் சொல்லு, நாங்க கண்டுபிடிக்கிறோம் என்றார்கள். உன் அம்மா பதறிக்கொண்டே, "பயமில்லாதவன இன்னான்னு சொல்வாங்க? அதோட சாமிய சேத்துக்கோங்க" என்றாள்.

"தைரியசாமியா? வேதக்காரங்களாம்மா நீங்க, மாதா கோயிலா?"

"அய்யோ, அது இல்லீங்க."

"சூரசாமி?"

"இல்லீங்க!"

குமாஸ்தா தைரியசாமிபுரத்தையும் தேடினார், சூரசாமிபுரத்தையும் தேடினார். மூன்றாவதாக ஒரு பெயரை யாரும் சொல்வதற்குள், "பக்கத்தில தள்ளி நில்லும்மா. உங்க ஊர் ஆம்பளை யாராவது வந்தா அனுப்பு" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்றுதான் வளையல்காரம்மா சொன்னார். வரிசை நீளமாக இருந்ததாம்.

நம் ஊர் ஆள் யாரும் வரவில்லை. உன் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு நாளாக இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாளோ என்னவோ. அன்றைக்கு உன் அப்பா பாயில் கிடந்தார். சொன்னால் அவர் போய்விடுவார் என்று அவள் நம்பினாள். சொல்லாவிட்டால் மருந்து வராது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நீ. வெயில் வாசற்படியிலிருந்து மேசைவரை வந்துவிட்டது. கடைசியில் அவள் மேசையருகே குனிந்து, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, குமாஸ்தாவுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாளாம்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தெருதான். அந்த நேரத்தில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, டீச்சர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் இல்லை என்று அன்று என்னை எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டினார்கள்.

கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தபோது நீ போய்விட்டிருந்தாய். உன் அப்பாவுக்கு மருந்து கொடுத்தார், கிணற்றில் பொடியைக் கரைத்தார். உன் அப்பா பிழைத்தார். அதன்பின் யாருக்கும் வரவில்லை. நான் பள்ளிக்கூடப் பையோடு உன் வாசலில் நின்றபோது கம்பவுண்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் அப்பாவிடம், "காலையிலேயே கூப்பிட்டிருந்தா..." என்று தொடங்கி, உன் அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காலையிலேயே வந்திருந்தாலும் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

பிறகு ஒரு மாதம் உங்கள் தெருப்பக்கம் நான் போகவில்லை. தண்ணீருக்குக்கூட வயல் கிணற்றுக்குப் போனேன். ஒரு நாள் அங்கேயே உன் அம்மா வந்து நின்றாள். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"அத்தை, நாந்தான் அந்தப் பேரை எழுதினேன். அவ அப்பவே வேணாம்னா. நான் கேக்கல."

"தெரியும். பலகை நட்ட அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சா. நானுந்தான் சிரிச்சேன்." அவள் கயிற்றை வாங்கி எனக்கும் சேர்த்து இறைத்தாள். "நீதான எழுதுன? நீயே மாத்தி எழுது."

மறுநாள் மாலையே தொடங்கினோம். பெண்களிடம்தான் போனோம். மனுவில் கைநாட்டு வாங்க வேண்டும். ஒவ்வொருத்தி பெயருக்குப் பக்கத்திலும் இன்னார் மனைவி என்று எழுத வேண்டும். முதல் வீட்டிலேயே முட்டிக்கொண்டது. "புருஷன் பேரு?" என்றேன். எதிர்வீட்டு அத்தை வழக்கப்படி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பிள்ளையைக் கூப்பிடப் போனாள்.

உன் அம்மா சொன்னாள்: "எழுது. வீராசாமி."

எதிர்வீட்டு அத்தை திரும்பிப் பார்த்தாள். அது உன் அப்பாவின் பெயரும் அல்லவா. "அடியே, இன்னாடி இப்டி..."

"சொல்லிட்டேன் அன்னிக்கே. அவரு எழுந்து கஞ்சி குடிச்சிக்கினுதான கீறாரு" என்றாள் உன் அம்மா. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "வெரல நீட்டு."

அப்படியே வீடு வீடாக அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இவ புருஷன் வீராசாமி. இவ மாமனாரும் வீராசாமி. சில பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "நீ போற வூட்டுல எல்லாம் ஆயுசக் கொறச்சிக்கினு வரியா?" என்று கதவைச் சாத்திவிட்டாள். உன் அம்மா சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தாள். உங்கள் வீட்டு வாசலில் உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக உன் அம்மாவின் பெயரை எழுதியபோது அவர் முன்னாலேயே, "வீராசாமி பெண்டாட்டின்னு போடு" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அன்னிக்குக் காலையிலயே சொல்லியிருக்கலாமேடி" என்று மட்டும் சொல்லி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த முறை சில்லு பொறுக்கிய கதையை முதலில் எழுதினேன். அதற்குக் காகிதம் இல்லை என்றும், சொன்னவர்கள் யார் யார் என்றும் எழுதினேன். வீராசாமி முதலில் ஏறியதையும் மறைக்கவில்லை. நம் வாசலிலிருந்து யார் உதவிக்கு ஓடினாலும் அவர்கள் வாயால் சொல்லக்கூடிய பெயர் வேண்டும் என்று முடித்தேன். கொம்யூனிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பலகை அப்படியேதான் நிற்கிறது. கம்பவுண்டர் மட்டும் தன் நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார். நேற்று எனக்குக் காட்டினார்.

இப்போதெல்லாம் எதை எழுதினாலும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர் யாரென்று யோசித்து அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த மடலையும் மேலே உள்ளவரைக்கும் உன் அம்மாவுக்குச் சற்று முன்பு படித்தேன். அவள் அரிவாள்மணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். நீ அவளைப் போல் நடித்த இடத்தில் சிரித்தாள். ஆஸ்பத்திரி வந்ததும் அரிவாள்மணையில் அவள் கை நின்றது.

"தப்பா எழுதிக்கீற."

"எது அத்தை?"

"மெதுவா சொன்னேன்னு யாரு சொன்னது? அந்த வளையல்காரி அதுக்குள்ள போயிட்டா. நான் மெதுவா சொல்லல. கத்தினேன். உள்ள இருந்த டாக்டரு வெளிய வந்துட்டாரு. தெருவுல போறவங்கல்லாம் நின்னுட்டாங்க."

"மாத்தி எழுதறேன் அத்தை."

"அழிக்காத. அவ சொன்னதும் இருக்கட்டும். நான் சொன்னத கீழ எழுது." மறுபடி புளியை எடுத்தாள். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்புறம் அந்தக் குமாஸ்தா, யாருக்கு ஒடம்பு சரியில்ல, பேரு இன்னான்னு கேட்டான். அதயும் எழுது. வூட்டுக்காரரு பேர ஒரு தடவதான் கத்தினேன். எம் பொண்ணு பேர மூணு தடவ கத்தினேன்."

எழுதிவிட்டேன்.